யார் கட்டிய பள்ளி, யார் கொடுத்த சம்பளம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவில் முதலிடம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு. மாநிலச் சராசரி 80.09 விழுக்காடு, குமரியில் 91.75. பெண்களில் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பது பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே நிலம் திருவிதாங்கூரின் தென்கோடி. நாடார், ஈழவர், சாம்பவர், புலையர் எனப் பெருந்தொகையான மக்கள் தலைவரி கட்டினார்கள். கூலியில்லாமல் ஊழியம் செய்தார்கள். கோயில் தெருக்களில் நடக்க அவர்களுக்கு உரிமையில்லை. அவர்களுடைய பெண்கள் தோளை மறைக்கத் துணி போடுவதே குற்றமாக இருந்தது.

இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே என்ன நடந்தது? ஆய்வாளர்கள் நூறாண்டுக்கு மேலாக இதற்குப் பதில் சொல்லி வருகிறார்கள். அரசன் செய்தான், பாதிரி செய்தார், மக்களே போராடிப் பெற்றார்கள், தேங்காயும் ரப்பரும் தந்த காசு செய்தது, காமராசரும் எம்.ஜி.ஆரும் செய்தார்கள் என ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வம்சாவளி உண்டு. அடியில் கிடக்கும் கேள்வி குமரியைத் தாண்டியும் பெரியது: ஏழைப் பிள்ளைகளுக்காகப் பொதுப்பணத்தைச் செலவழித்தால் அவர்கள் வாழ்க்கை மாறுமா? மாறுமென்றால், பணம் யார் கைவழியாகப் போக வேண்டும்? அதை ஆராய இந்த மாவட்டம் நல்ல களம். மூன்று அரசுகளையும் பல திருச்சபைகளையும் பார்த்துவிட்ட ஊர் இது. ஒரே மாவட்டத்துக்குள் முன்னேறியவர்களையும் விடுபட்டவர்களையும் அருகருகே இங்கே காணலாம்.

அரண்மனை ஆணை

மிகப் பழைய பதில் அரண்மனையிலிருந்து தொடங்குகிறது. 1817-இல் ராணி கௌரி பார்வதி பாய் ஓர் ஆணை பிறப்பித்தார். குடிமக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். அப்போது ராணிக்கு வயது பதினைந்து. பின்னணியில் இருந்தவர் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் கர்னல் ஜான் மன்றோ. உலகில் பல அரசுகள் நினைத்துக்கூடப் பார்க்காத காலத்தில் வெளிவந்த இந்த ஆணையைக் கேரளக் கல்வி வரலாற்றின் தலைவாசலாக வைத்து எழுதுவது வழக்கமாகிவிட்டது.

பலவீனம் வெளிப்படை. ஆணைக்குப் பின்னால் பணம் அதிகம் வரவில்லை. தாய்மொழிப் பள்ளிகளுக்கென ஒழுங்கான ஏற்பாடு உருவாக 1860கள் வரை, திவான் டி. மாதவராவ் காலம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் சர்க்கார் பள்ளிகளின் கதவு நடைமுறையில் மேல்சாதிப் பிள்ளைகளுக்கே திறந்தது. தாழ்த்தப்பட்ட பிள்ளை ஒருவன் உள்ளே வந்தால் மற்றவர்கள் வெளியேறினார்கள். அதிகாரிகள் வெளியேறியவர்கள் பக்கமே நின்றார்கள். தொடக்கக் கல்வியின் முழுச் செலவையும் அரசு ஏற்கத் தொடங்கியது 1904-இல். முதல் ஆணைக்கும் இதற்கும் இடையே 87 ஆண்டுகள்.

ஆனாலும் அந்த ஆணையை வெறுங்காகிதம் என்று தள்ளிவிட முடியாது. கல்வி அரசின் கடமை என்று ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், பின்னால் வருகிறவர்கள் அதைக் காட்டிக் கேட்க முடிகிறது. கேட்டவர்கள் வந்தார்கள்.

மிஷன் பள்ளியும் ரேந்தையும்

இரண்டாவது பதில் மயிலாடியில் பிறந்தது. அவ்வூரைச் சேர்ந்த சாம்பவர் ஒருவர் தஞ்சாவூர் சென்று கிறித்தவரானார். மகாராசன் என்ற பெயர் வேதமாணிக்கம் ஆயிற்று. அவருடைய அழைப்பின் பேரில் லண்டன் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர் ரிங்கல்தௌபே 1806-இல் தென் திருவிதாங்கூருக்கு வந்தார். அடுத்து 1818-இல் சார்லஸ் மீட் நாகர்கோவிலில் கால் ஊன்றினார். அவர் வளர்த்த செமினாரிதான் 1893-இல் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக உயர்ந்தது. மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, ரேந்தை பின்னவும் கற்றுக்கொடுத்தார். ரேந்தை விற்ற காசில் அடிமைப் பெண்கள் சிலர் தங்கள் விலையைக் கொடுத்து விடுதலை பெற்றதை மிஷன் ஆவணங்கள் பதிவு செய்கின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். அதற்கு முன்பே நடந்தது இது.

இந்த விளக்கத்துக்கு வலுவான சான்றுகள் உண்டு. டிக் கூய்மன் 1989-இல் வெளியிட்ட ஆய்வும், கோஜி கவாஷிமா 1998-இல் வெளியிட்ட ஆய்வும் மிஷன் பதிவுகளை நுணுக்கமாகத் துழாவியவை. ஆனால் இருவருமே மிஷனைத் தனித்து நிறுத்தவில்லை. கவாஷிமா காட்டுவது அரசும் மிஷனும் ஒன்றையொன்று பயன்படுத்திக்கொண்ட கதையை. இந்து அரசு மிஷனைக் கண்டு அஞ்சியது. அதேசமயம் அதன் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நம்பியிருந்தது.

சார்லஸ் மீட்டின் வாழ்க்கையே இந்தக் கலப்புக்குச் சாட்சி. மிஷனின் செலவுக்காக வயல் வாங்க அரண்மனை 5,000 ரூபாய் கொடுத்தது. மீட் சிலகாலம் நாகர்கோவிலில் அரசின் நீதிபதியாகவும் இருந்தார். முதுமையில் பறையர் குலக் கிறித்தவப் பெண்ணை மணந்ததால் மிஷனில் சச்சரவு மூண்டது, மீட் வெளியேறினார். 1855-இல் அவரைத் தாய்மொழிப் பள்ளிகளின் மேற்பார்வையாளராக அரசு நியமித்தது. ‘மிஷன் கல்வி’, ‘சர்க்கார் கல்வி’ என்று நாம் இன்று கோடு கிழிக்கும் இடத்தில் அன்று ஒரே மனிதர் இரு பக்கமும் நின்றார்.

மிஷன் விளக்கத்தின் ஓட்டை வேறொன்று. ஒரே மிஷன், ஒரே பாடம் என்றால் சேர்ந்த எல்லாச் சாதிகளும் ஒரே அளவில் முன்னேறியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. மயிலாடியில் முதலில் சேர்ந்தவர்கள் சாம்பவர்கள். மிகுதியாகப் பயன்பெற்றவர்கள் எண்ணிக்கையிலும் நிலத்திலும் வலுவிருந்த நாடார்கள்.

கேட்டு வாங்கியவர்கள்

தோள்சீலைக் கலகம் 1820களில் மூண்டு 1859-இல் அரச ஆணையோடு ஒருவாறு தணிந்தது. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) அரசனையும் பாதிரியையும் ஒருசேர எதிர்த்தார். எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் நீர் எடுக்க முத்திரிக்கிணறு வெட்டினார். ஊர்தோறும் எழுந்த நிழல்தாங்கல்கள் வழிபாட்டோடு எழுத்தும் சொல்லிக்கொடுத்தன என்பது அய்யாவழி மரபு தரும் சித்திரம். வடக்கே, இன்றைய மாவட்ட எல்லையைத் தாண்டிய உடனே வரும் நெய்யாற்றின்கரை வட்டாரத்தில், ஊரூட்டம்பலம் பள்ளியில் புலையச் சிறுமி ஒருத்தியைச் சேர்க்க அச்சமூகத் தலைவர் அய்யங்காளி முயன்றபோது பள்ளிக்கே தீ வைத்தார்கள். சேர்க்கை ஆணை அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆணையை நடைமுறையாக்க வேலைநிறுத்தமும் அடிதடியும் தேவைப்பட்டன.

மக்கள் கேட்டதால்தான் அரசு கொடுத்தது என்பது இந்தத் தரப்பின் வாதம். ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் நாடார்களைப் பற்றி எழுதிய நூல் முதல், விவேக் சீனிவாசன் 2014-இல் தமிழ்நாட்டின் பொதுச்சேவைகளைப் பற்றி எழுதிய நூல் வரை இந்த இழை ஓடுகிறது. ரேஷன் கடையும் சத்துணவும் தமிழ்நாட்டில் ஓரளவு ஒழுங்காக நடப்பதற்கு, ஊர் மக்கள் குரல் எழுப்பிக்கொண்டே இருப்பது காரணம் என்கிறார் சீனிவாசன்.

வலுவான வாதம்தான். ஆனால் ‘மக்கள்’ என்ற சொல்லுக்குள் யார் யார் என்று கேட்டால் கொஞ்சம் தடுமாறும். சங்கம் கட்டவும் மனு எழுதவும் வழக்குக்குப் போகவும் ஆளும் பொருளும் வேண்டும். அவை இல்லாத சிறு சமூகங்கள் கேட்கவில்லை என்பதல்ல. கேட்டது யார் காதிலும் விழவில்லை.

தாய்வழியா, தேங்காயா, இன உணர்வா?

மூன்று விளக்கங்கள் இன்னும் உள்ளன. மூன்றும் முதன்மையாகக் கேரளத்தை முன்வைத்து எழுந்தவை. குமரிக்கு வரும்போது மூன்றுக்கும் கால் கொஞ்சம் இடறுகிறது.

ராபின் ஜெஃப்ரி கேரளத்தின் பெண்கல்விக்குத் தாய்வழி மரபை ஒரு முக்கிய காரணமாகச் சொல்கிறார். நாஞ்சில் நாட்டில் மருமக்கள்வழி இருந்தது உண்மை. வேளாளர்களிடையே அது 1926-இல் சட்டத்தால் மாறும்வரை நீடித்தது. அதன் கொடுமைகளைக் கேலி செய்து தேரூர்க் கவிமணி மான்மியமே பாடினார். ஆனால் இந்த மாவட்டத்தில் எழுத்தறிவு பெருவெள்ளமாகப் பாய்ந்தது மக்கள்வழிச் சமூகமான நாடார்களிடையே. தாய்வழி மரபு உதவியிருக்கலாம். இன்றியமையாதது என்று சொல்லக் குமரி இடம் தரவில்லை.

பி.கே. மைக்கேல் தரகன் 1984-இல் எழுதிய கட்டுரை பொருளாதாரத்தை முன்வைத்தது. விவசாயம் சந்தைக்குத் திரும்பியபோது கணக்கு, பத்திரம், வழக்கு ஆகியவை புழங்கின; படிப்புக்குத் தேவை எழுந்தது. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் தென்னை, மிளகு, பின்னாளில் ரப்பர் என்று சிறுநிலக்காரர்கள் தலையெடுத்ததற்கு இது பொருந்துகிறது. நிலமே இல்லாதவர்களிடம் படிப்பு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதில் விடை குறைவு.

பிரேர்ணா சிங் 2015-இல் முன்வைத்தது இன உணர்வுக் கொள்கை. ‘நாம் ஒரே மக்கள்’ என்ற எண்ணம் வலுத்த மாநிலங்களில் அரசு எல்லோருக்கும் செலவழித்தது. கேரளமும் தமிழ்நாடும் எடுத்துக்காட்டுகள் என்றார். குமரியோ கேரளத்தின் அந்த ‘நாம்’ என்பதற்குள் தாங்கள் இல்லை என்று போராடிய பகுதி. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டம் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. எந்த அரசு தங்களை அயலாராக நடத்தியது என்று மக்கள் குமுறினார்களோ, அந்த அரசின் கீழேயே அவர்கள் பெரும்பாலும் படித்து முடித்திருந்தார்கள். சிங்கின் கொள்கைக்கு இது ஒரு முடிச்சு.

இணைந்த தேதியைக் கவனித்தால் இன்னொன்றும் புலப்படும். ராஜாஜியின் 1953 கல்வித் திட்டம், அதை எதிர்த்த கிளர்ச்சி, காமராசரின் முதலிரண்டு ஆண்டுகள் ஆகியவை இந்த மண்ணைத் தொடவே இல்லை. குமரியின் முன்னிலையைக் காமராசர் கணக்கில் எழுதுவது மேடைக்குப் பொருந்தும். 1969-இல் நாகர்கோவில் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியதால் அந்தப் பிணைப்பு உணர்வுபூர்வமானதும்கூட. காலவரிசை அதை ஏற்காது.

மானியம் என்ற ஏற்பாடு

மேலே கண்ட தரப்புகள் எல்லாம் ‘யார் செய்தார்கள்’ என்று வாதிடுகின்றன. ‘எப்படிச் செலவானது’ என்ற கேள்விக்கு இலக்கியத்தில் குறைவான கவனமே கிடைத்திருக்கிறது. குமரியைப் புரிந்துகொள்ள அதுதான் முக்கியம் என்று படுகிறது.

1860களின் இறுதியில் திருவிதாங்கூர் அரசு தனியார் பள்ளிகளுக்கு மானியம் தரத் தொடங்கியது. சபையோ சமுதாயமோ இடம் கொடுத்துக் கட்டடம் எழுப்பும். ஆசிரியர் செலவில் அரசு பங்கேற்கும். காலப்போக்கில் அது முழுச் சம்பளமாயிற்று. இன்று ‘எய்டட் பள்ளி’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். குமரி மாவட்டத்தில் இவற்றின் பங்கு தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களைவிட அதிகம். பழைய கலைக் கல்லூரிகளும் அப்படியே: தெற்குத் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி 1952, மார்த்தாண்டம் நேசமணி நினைவுக் கல்லூரி 1964, நாகர்கோவில் ஹோலி கிராஸ், அகஸ்தீஸ்வரம் விவேகானந்தா இரண்டும் 1965. கட்டியவர்கள் சபைகளும் சமுதாயங்களும். பெண்கள் அடுப்படியில் எடுத்துவைத்த பிடியரிசி வரை அந்தக் கட்டடங்களில் கலந்திருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் பலம் என்ன? அரசு ஒரு ரூபாய் போட்டால் சமூகம் இன்னொரு ரூபாய் போட்டது. பள்ளி வீட்டருகே வந்தது. தன் சாதி ஆசிரியர், தன் சபைப் பள்ளி என்பதால் பிள்ளை அவமானப்படாமல் உள்ளே போனது. சர்க்கார் பள்ளி கதவைச் சாத்தியிருந்த காலத்தில் இது சிறிய விஷயம் அல்ல.

பலவீனமும் அதே இடத்தில்தான். மானியம், கட்ட முடிந்தவர்களைத் தேடிப் போனது. நிலமும் சங்கமும் சபையும் உள்ளவர்களுக்குப் பள்ளியோடு ஆசிரியர் வேலையும் கிடைத்தது; வேலை கிடைத்த குடும்பம் அடுத்த தலைமுறையைக் கல்லூரிக்கு அனுப்பியது. நியமனம் நிர்வாகத்தின் கையில் இருப்பதால் சம்பளம் அரசுடையது, வேலை சமுதாயத்துடையது என்ற நிலை. கேரளத்தில் ஜோசப் முண்டசேரி 1957-இல் கொண்டுவந்த கல்வி மசோதா கிளப்பிய புயலின் நடுவிலும் இதே கேள்விதான் இருந்தது. தமிழ்நாடு 1973-இல் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியது; நியமன உரிமை பெரும்பாலும் நிர்வாகங்களிடமே நின்றது.

பிறகு வந்தது 1991 வரம்பு. 1991-92 கல்வியாண்டு தொடங்கியபின் உருவான தனியார் பள்ளிக்கு மானியம் இல்லை என்று சட்டத்தில் சேர்த்தார்கள். அரசின் செலவுக் கணக்குப்படி அது நியாயமாக இருக்கலாம். முன்னால் எழுந்த சமூகத்துக்கு நூற்றிருபது ஆண்டுகள் திறந்திருந்த ஏற்பாடு, தாமதமாக எழுந்த சமூகத்துக்கு அத்தோடு மூடிவிட்டது என்பதும் உண்மை.

சோறு போட்டுப் படிக்க வைத்தவர்கள்

தமிழ்நாட்டின் வழி வேறு: பிள்ளை எந்தச் சமூகமானாலும் வயிற்றுக்குப் போடு. 1956-இல் தொடங்கிய காமராசரின் மதிய உணவு ஊராரின் நன்கொடையையும் நம்பியிருந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு முழுக்க அரசுப் பொறுப்பு. கருவூலம் தாங்காது, ஓட்டுக்காகப் போடும் சோறு என்று அன்று படித்தவர்கள் சிரித்தார்கள். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் பள்ளிகளில் சமைத்த உணவு தர உத்தரவிட்டபோது சிரிப்பு அடங்கியது. இந்திய அளவிலான தரவுகளைக் கொண்டு சுமன் சக்ரபர்த்தி குழுவினர் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, சிறுவயதில் பள்ளியில் மதிய உணவு உண்ட பெண்களின் பிள்ளைகள் உயரக் குறைவின்றி வளரும் வாய்ப்பு கூடுதல் என்று காட்டியது. ஒரு தட்டுச் சோற்றின் பலன் அடுத்த தலைமுறைக்கும் போகக்கூடும்.

எல்லோருக்குமான திட்டம் என்றாலும் ‘எல்லோர்’ யார் என்பதில் சிக்கல் வரும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கியது. ஊரகப் பகுதி எய்டட் பள்ளிகளுக்கு 2024 ஜூலையிலும், நகர்ப்புற எய்டட் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டிலும்தான் விரிந்தது. பேரூராட்சிகள் மிகுந்த குமரியில் மக்கள்தொகையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கணக்கெடுப்பின்படி ‘நகர்ப்புறம்’. மருத்துவக் கல்லூரி இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கும் 2020 சட்டத்தில் எய்டட் மாணவர்கள் இல்லை. கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கி, எய்டட் பள்ளிகளின் தமிழ்வழி மாணவிகளுக்கு 2024 டிசம்பரில்தான் நீண்டது. அரசுப் பள்ளியில் படிப்பவரே ஏழை என்ற அளவுகோல் தருமபுரிக்குப் பொருந்தலாம். முந்திரி ஆலைத் தொழிலாளியின் மகள் வீட்டருகே உள்ள எய்டட் பள்ளியில் படிக்கும் விளவங்கோட்டில் அது அவ்வளவாகப் பொருந்தாது.

பணமா, முறையா?

உலக ஆய்வுகள் இதற்குத் தரும் விடைகள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்கின்றன. இந்தோனேசியா 1973 முதல் 1978 வரை 61,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது; அதனால் பிள்ளைகளின் படிப்பும் பின்னாளில் அவர்கள் கூலியும் கூடின என்று எஸ்தர் டுஃப்லோ 2001-இல் நிறுவினார். அதே நாட்டில் ஆசிரியர் சம்பளத்தை இரட்டிப்பாக்கியபோது மாணவர்களின் கற்றல் துளியும் உயரவில்லை என்று 2018-இல் வேறொரு குழு நிறுவியது. பள்ளியே இல்லாத ஊரில் பள்ளி கட்டுவதும், இருக்கும் பள்ளியில் இருக்கும் முறைக்கே கூடுதல் பணம் கொட்டுவதும் ஒரே ‘கல்விச் செலவு’ அல்ல.

அமெரிக்காவில் நேதனியல் ஹெண்ட்ரென், பென் ஸ்ப்ரங்-கெய்சர் இருவரும் 133 அரசுத் திட்டங்களை 2020-இல் ஒப்பிட்டார்கள். ஏழைப் பிள்ளைகளின் உடல்நலத்துக்கும் படிப்புக்கும் செய்த செலவுகள்தான் அதிகப் பலன் தந்தன. அவற்றில் பல, பிள்ளைகள் வளர்ந்து கட்டிய வரியிலேயே ஈடாகின. ஜேம்ஸ் ஹெக்மன் வலியுறுத்தும் முன்பள்ளி முதலீட்டுக்கு அடித்தளம், மிச்சிகனில் 1962-இல் தொடங்கிய பெர்ரி முன்பள்ளி. அதில் மொத்தம் 123 பிள்ளைகள்; முன்பள்ளிக்குப் போனவர்கள் 58 பேர். அவ்வளவு சிறிய சோதனையை ஒரு மாநிலத்துக்கு நீட்டலாமா என்ற ஐயம் நியாயமானது.

தமிழ்நாட்டிலேயே நடந்த சோதனை கூடுதல் உதவி செய்கிறது. அங்கன்வாடியில் அரைநேர ஊழியர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டபோது, கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதங்களில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் குறிப்பிடத்தக்க அளவு முன்னேறினார்கள். வளர்ச்சிக் குறைபாடும் தணிந்தது என்று கார்த்திக் முரளிதரன் குழுவினர் கண்டார்கள். கொரோனாவுக்குப் பிந்தைய ‘இல்லம் தேடிக் கல்வி’ பற்றிய ஆய்வு, பிள்ளைகள் மீட்டெடுத்த கற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு அந்த மாலை வகுப்புகள் காரணம் என்றது. இரண்டிலும் கட்டடமோ பெரும் சம்பளமோ இல்லை. உள்ளூர்ப் பெண்கள் பிள்ளைகளோடு கூடுதல் நேரம் இருந்தார்கள். இந்தப் பலன் பத்தாண்டு கழித்தும் நிற்குமா என்பது இன்னும் சோதிக்கப்படவில்லை.

கடலும் மலையும்

சராசரி 91.75 என்றால், சராசரிக்குக் கீழே இருப்பவர்கள் யார்? ஜான் கூரியன் 1995-இல் கேரள மாதிரியை மெச்சியவர்களுக்கு ஒரு குட்டு வைத்தார்: மீனவர்கள் அந்த மாதிரியின் விளிம்புக்கு வெளியே நிற்கிறார்கள் என்று. ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை நெருக்கியடித்து வாழும் குமரிக் கடற்கரைக்கும் அது பொருந்தும். கடியபட்டணத்தில் தங்கி ஆய்வு செய்து கல்பனா ராம் 1991-இல் எழுதிய நூலும், அஜந்தா சுப்ரமணியன் 2009-இல் எழுதிய நூலும் கரையோரத்தின் தனித்தன்மையைச் சொல்கின்றன. அங்கே அரசைவிடக் கத்தோலிக்கத் திருச்சபைதான் நெருக்கமான அதிகாரம். மீன்பாட்டில் ஒரு பங்கு குத்தகையாகக் கோயிலுக்குப் போகும். பள்ளியும் பஞ்சாயத்தும் அதைச் சுற்றியே இயங்கும். கோட்டாறு மறைமாவட்டம் 1930-இல் உருவான பின்னும் உள்நாட்டில் எழுந்த அளவுக்குக் கரையில் உயர்கல்வி நிறுவனங்கள் எழவில்லை. தூத்தூர் புனித யூதா கல்லூரி வந்தது 1985-இல். உள்நாட்டுச் சமூகங்கள் கல்லூரி கட்டி முடித்து இருபதாண்டு கழித்து.

பேரிடர்கள் பணம் கொண்டுவந்தன. 2004 சுனாமிக்குப் பிறகு வீடுகள் எழுந்தன. 2017 ஒக்கி புயலுக்குப் பிறகு இழப்பீடு வந்தது. செத்தபின் வரும் பணம் முதலீடு ஆகாது. கடலுக்குப் போன தகப்பன் திரும்பாத வீட்டில் மூத்த மகன் படிப்பைத் தொடர்ந்தானா என்று எந்தத் திட்ட அறிக்கையும் தொடர்ந்து பார்ப்பதில்லை.

மலையில் கணக்கே வேறு. பழங்குடியினர் மாவட்ட மக்கள்தொகையில் 0.39 விழுக்காடு, ஏழாயிரத்துச் சொச்சம் பேர், பெரும்பாலும் காணிக்காரர். பேச்சிப்பாறை அணை 1906-இல் நாஞ்சில் வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்தது. அணைக்கு அப்பாலுள்ள குடியிருப்புகள் இன்றும் படகை நம்பியிருக்கின்றன. இவர்களுக்குச் சபையும் இல்லை, சங்கமும் சிறிது. கட்டுகிறவனுக்கே மானியம் என்ற ஏற்பாடு இங்கே தொடங்கவே முடியாது. அரசு நேரடியாகப் பள்ளியும் விடுதியும் நடத்துவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு சமவெளியைவிடக் கூடுதலாகும் என்பதை நிதித்துறை ஏற்றுக்கொண்டால்தான் அது நடக்கும்.

மூன்றாவது கூட்டம் கணக்கெடுப்பிலேயே மறைந்திருக்கிறது. மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 3.97 விழுக்காடு மட்டுமே. மாநில அளவில் இது 20 விழுக்காட்டைத் தொடுகிறது. மாவட்ட மக்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் கிறித்தவர்கள். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவரான தலித் பட்டியல் சாதியில் சேர மாட்டார்; தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர். மாநில அரசின் சில உதவித்தொகைகள் அவருக்கு உண்டு. பட்டியல் சாதி இட ஒதுக்கீடும் மக்கள்தொகையை வைத்துப் பிரிக்கும் சிறப்புக்கூறு நிதியும் அவரைக் கணக்கில் எடுப்பதில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் மயிலாடிக்கு முதல் பள்ளி வரக் காரணமானவர் வேதமாணிக்கம். அவருடைய சமூகத்தின் கிறித்தவப் பிள்ளைகள் இன்று, தங்களைவிட வெகுவாக முன்னேறிய சமூகங்களோடு ஒரே பட்டியலில் போட்டியிடுகிறார்கள்.

முடிவாகாதவை

இதுவரை கிடைத்த சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். பொதுப்பணம் இல்லாமல் குமரி இந்த இடத்துக்கு வந்திருக்காது. மிஷனும் சமுதாயமும் கட்டிய பள்ளிகளைத் தலைமுறைகளாகத் தாங்கியது அரசின் சம்பளப் பட்டியல். பணம் மட்டும் வந்திருந்தால் சர்க்கார் பள்ளி மேல்சாதிக் கூடமாகவே நின்றிருக்கும். கதவைத் திறந்தது போராட்டம். அமைப்புள்ள சமூகத்தின் வழியாகப் போன முதலீடு வேகமாகப் பலித்தது. அமைப்பில்லாதவர்களை அது தொடவில்லை. தமிழ்நாட்டின் பொதுத் திட்டங்கள் அந்த இடைவெளியில் ஒரு பகுதியை நிரப்பின.

உறுதியாகச் சொல்ல முடியாதவை அதைவிடப் பெரியவை. படிப்பு வாய்ப்பாக மாறியதா என்பது முதலாவது. எழுத்தறிவில் முதலிடம் பிடித்த இந்த மாவட்டத்தில் பெண்கள் வேலைக்குப் போகும் விகிதம் மாநிலச் சராசரிக்கு வெகு கீழே இருக்கிறது. படித்த ஆண்கள் வளைகுடாவுக்கும் சென்னைக்கும் போகிறார்கள். ஊரில் வேலை உருவாக்காத கல்விச் செலவை வெற்றி என்பதா, பாதி வெற்றி என்பதா என்று பொருளியலாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. போனவர்கள் அனுப்பும் பணத்தைக் கணக்கில் சேர்த்தால் ஒரு விடை வரும்; விட்டால் வேறு விடை.

இரண்டாவது, குறையும் பிள்ளைகள். பிறப்பு விகிதம் நெடுங்காலமாகச் சரிந்து வருவதாலும் ஆங்கிலவழித் தனியார் பள்ளிகளின் இழுப்பாலும் பழைய எய்டட் பள்ளிகள் பலவற்றில் வகுப்புகள் காலியாகின்றன. உபரி ஆசிரியர் சிக்கல் நீதிமன்றம் வரை போகிறது. இந்தப் பள்ளிகளை இணைத்தால் மிச்சமாகும் பணத்தைக் கரைக்கும் மலைக்கும் திருப்பலாம் என்பது ஒரு யோசனை. பள்ளியை இழக்கும் சபைகளும் சமுதாயங்களும் அதை எளிதில் ஏற்காது. சிறுபான்மையினர் நிறுவன உரிமை என்ற அரசியல் சட்டக் கேள்வியும் குறுக்கே வரும்.

மூன்றாவது, அளக்கும் அலகு. ஒதுக்கீடுகள் மாவட்டவாரியாகவோ பள்ளி வகைவாரியாகவோ போகின்றன. அப்படிப் பார்க்கும்வரை குமரி ‘முன்னேறிய மாவட்டம்’. கூடுதல் நிதிக்கான வரிசையில் பின்னால் நிற்கும். கடற்கரை ஊர்களையும் காணிக் குடியிருப்புகளையும் தனித்தனி அலகாக வைத்து ஒதுக்கினால் வரிசை மாறலாம். மீனவ ஊர்களுக்கும் பழங்குடிப் பகுதிகளுக்கும் மட்டும் 1991 வரம்பைத் தளர்த்துவதா, அல்லது மானிய முறையையே விட்டுவிட்டு அங்கெல்லாம் அரசே பள்ளி நடத்துவதா என்பதில் இருபுறமும் வாதங்கள் உண்டு. முதலாவது வேகமானது, ஆனால் நியமன அதிகாரத்தை மறுபடியும் நிர்வாகங்களின் கையில் கொடுக்கும். இரண்டாவதற்கு, படகேறிப் போய் மலையிலேயே தங்கிக் கற்பிக்க ஆசிரியர்கள் வேண்டும்.